தமிழாசிரியருக்கு வகுப்புப் பழக்கம்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் புதிதாக வேலைக்குச் சேருகிறவரிடம் முதல் நாளே ஓவர்லாக் மெஷினை ஒப்படைத்துவிடுவதில்லை. அவர் டெய்லர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுக்கிறார், மடித்து அடுக்குகிறார், ஒழிந்த வேளையில் கழிவுத் துணியில் தையல் ஓட்டிப் பார்க்கிறார். கை நிதானப்பட்ட பிறகே ஆர்டர் துணியைத் தொட விடுவார்கள். ஒரு பனியன் விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதை காட்டும் ஊரில், குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க வரும் இளைஞர்களுக்கு எத்தகைய பழக்கம் அளிக்கிறோம் என்று கேட்பது அவசியமாகிறது. இவர்களுக்குப் பழகிப் பார்க்கக் கழிவுத் துணி கிடையாது. கைக்கு வருவதெல்லாம் உயிருள்ள குழந்தைகளே.

விதிகளுக்குக் குறைவில்லை. சுப்ரீம் கோர்ட்டு நியமித்த வர்மா கமிஷன், ஆசிரியர் பயிற்சியின் சீர்கேட்டை 2012-ல் எடுத்துக் காட்டியது. அதன்பின் தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-ல் வகுத்த விதிகளால் பி.எட். படிப்பு இரண்டு வருஷமாயிற்று. அதில் முதல் வருஷம் 4 வாரமும், இரண்டாம் வருஷம் 16 வாரமும் பள்ளிக்கூடத்தில் பழக வேண்டுமென்று நிர்ணயித்தார்கள். அனுபவஸ்தரின் வகுப்பைப் பார்த்திருப்பது, தாமே பாடம் நடத்துவது, அதைப் பிறர் கவனித்துக் குறை கூறக் கேட்பது ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

இந்த யோசனை நமக்குப் புதிதுமன்று. சென்னையில் 1856-ல் தோன்றிப் பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் கல்லூரியை அடுத்து மாதிரிப் பள்ளியும் உண்டு. திருப்பூரில் பிறந்து, 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாயிருந்த ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் 1930-ல் கோவையில் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்தில், 1950-ல் ஆசிரியர் கல்லூரியும் ஏற்பட்டது. அங்கும் பள்ளியும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வளர்ந்தன.

கல்லூரிக்குள்ளேயே நடைபெறும் பயிற்சி ஒன்றும் உண்டு. சக மாணவர் சிலரைக் குழந்தைகளாகப் பாவித்து, ஐந்தாறு நிமிஷம் பாடம் நடத்திக் காட்டுவார்கள். நுண்ணிலைக் கற்பித்தல் என்று இதற்குப் பெயர். குரலையும் கரும்பலகையையும் ஆளப் பழகுவதற்கு இது உதவும். ஆயினும் தமிழாசிரியர் விஷயத்தில் இதற்குப் பெரிய குறை ஒன்றிருக்கிறது. குழந்தையாக நடிக்கும் சக மாணவருக்குத் தமிழ் முன்பே தெரியும். தெரியாதவர் எங்கே தடுமாறுவார் என்பதைத் தெரிந்தவர் நடித்துக் காட்ட முடியாது.

திருப்பூர் வட்டாரப் பள்ளிகளில் அந்தத் தடுமாற்றத்தைக் கண்கூடாகக் காணலாம். பீஹார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய ராஜ்யங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களின் குழந்தைகள் உள்ளூர்க் குழந்தைகளுடன் அமர்ந்து படிக்கிறார்கள். 2006-ம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாய பாடம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமோ குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆகவே தமிழ் எழுத்தே அறியாத பத்து வயதுப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் வந்து உட்காருகிறது.

ஹிந்தி பேசும் குழந்தைக்கு ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து உண்டு. நமக்கோ ஒரே ககரம் 'கடல்' என்பதில் ஒருவிதமாகவும், 'பங்கு' என்பதில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. அக்குழந்தை இரண்டையும் ஒன்றுபோல் வாசித்தால் அது மந்தபுத்தியன்று. தான் கற்ற முறையை நேர்மையாகப் பின்பற்றுகிறது. எகர ஒகரங்களில் குறில் நெடில் பேதம் ஹிந்தியில் இல்லாததால், 'கொடி'யும் 'கோடி'யும் அதன் காதில் ஒன்றாகவே விழும். 'பள்ளி' என்று சொல்ல ஹிந்திக் குழந்தை திணறும். ஒடியாக் குழந்தை திணறாது, ளகரம் அதன் தாய்மொழியிலேயே இருக்கிறது. நம் ஊர்க் குழந்தைக்கும் வேறு கஷ்டம் உண்டு. வீட்டில் 'வந்தாங்க' என்று பேசிவிட்டுப் பள்ளியில் 'வந்தார்கள்' என்று எழுத வேண்டும். பழத்தைப் 'பளம்' என்று சொல்லிப் பழகிய நாவைத் திருத்த வேண்டும். இந்த நுட்பங்களைப் பாடக் குறிப்பேட்டில் எழுதிப் படித்துவிட முடியாது. பிள்ளையின் வாயைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, பத்து நாள் தவறிப் பதினோராம் நாள் அறிந்துகொள்ள வேண்டியவை.

ஆனால் நடைமுறை என்ன? ஆசிரியர் குறைவாயுள்ள பள்ளிகள் சிலவற்றில், பயிற்சிக்கு வந்தவரை ஆளில்லாத வகுப்புக்கு அனுப்பிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அவர் நடத்துவதைக் கவனிக்க ஒருவருமில்லை. வாரக் கடைசியில் பதிவேட்டில் கையெழுத்து மாத்திரம் விழுகிறது. வேறு சில இடங்களிலோ, பாடம் பின்தங்கிவிடுமென்று பயந்து வகுப்பையே அவர் கையில் கொடுப்பதில்லை. தலைமையாசிரியர்களின் பயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பழகாதவர் கையில் வகுப்பைத் தனியே விட்டால் நஷ்டம் குழந்தைக்குத்தான். வகுப்பே கொடாவிட்டாலோ, நாளை அவர் உத்தியோகம் ஏற்கும் வகுப்பு அந்த நஷ்டத்தை அடையும். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே: அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் அங்கே இருந்தால் குழந்தைக்கும் காவல், கற்பவருக்கும் துணை.

இதற்கு அந்த ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பயிற்சிக் காலத்தில் அவருடைய இதர வேலைகளைக் குறைத்துக் கொடுப்பது கல்வி இலாகாவின் கடமை. பயிற்சி பெறுகிறவர் ஒவ்வொருவரும், முழு வகுப்பை நடத்துவதோடு, ஐந்து குழந்தைகளையேனும் தனியே பொறுப்பேற்று, அவர்கள் செய்யும் பிழைகளைத் தினந்தோறும் குறித்துவர வேண்டும். வருஷ மத்தியில் குடும்பம் வேலை மாறிப் போனாலும், அக்குறிப்பு அடுத்த ஆசிரியருக்குப் பயன்படும். உடுமலைப்பேட்டையை அடுத்த திருமூர்த்தி நகரிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் இவற்றைத் தொகுத்து வெளியிடுமாயின், தமிழைப் புதிதாகக் கற்கும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல நல்லதொரு கைந்நூல் கிடைக்கும். பெருஞ் செலவு இதில் ஒன்றுமில்லை.

தமிழ் வளர வேண்டுமென்று மேடைதோறும் பேசுகிறோம். தகப்பனார் பவர் டேபிளிலும், தாயார் செக்கிங் மேஜையிலும் நிற்கும் நேரத்தில், அவர்கள் பிள்ளை எந்த ஆசிரியர் முன் அமர்ந்திருக்கிறது என்பதையும் நாம் நினைக்க வேண்டும். 16 வாரமும் கையெழுத்தில் கழியாமல் வகுப்பில் கழியும்படி, கல்லூரிகளும் பள்ளிகளும் சர்க்காரும் வரும் பள்ளி வருஷம் முதலே ஏற்பாடு செய்வார்களென எதிர்பார்க்கிறோம்.