நோயில்லாத நாய்க்கு மருந்து

நியூசிலாந்தின் மலைச்சரிவுகளில் ஹண்டவே என்றொரு ஆட்டுநாய் உண்டு. குரைத்துக் குரைத்தே நூற்றுக்கணக்கான செம்மறிகளை மேட்டுக்கு ஏற்றிவிடும். அதோடு வேலை செய்யும் இன்னொரு வகை நாய் குரைப்பதில்லை. உடலைத் தாழ்த்தி, வைத்த கண் வாங்காமல் பார்த்தே மந்தையைத் திருப்பும். பாதம் தேய்ந்தோ, வேலிக் கம்பியில் தொடை கிழிந்தோ வரும் இந்த நாய்களைக் கிராமத்துக் கால்நடை மருத்துவர் நாள்தோறும் பார்க்கிறார். ஆனால் அந்த நாட்டில் நடந்த மிகப் பெரிய நாய் வைத்தியம், நோயின் அறிகுறியே இல்லாத நாய்களுக்குச் செய்யப்பட்டது.

காரணம், எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு. நீளம் ஓர் அரிசிமணியைத் தாண்டாது. நாயின் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருந்தாலும் நாய் இளைக்காது, ஓட்டமும் குறையாது. அதன் மலத்தோடு முட்டைகள் புல்லில் விழும். புல்லை மேயும் செம்மறியின் ஈரலிலும் நுரையீரலிலும் அவை நீர்க்கட்டிகளாக வளரும். ஆட்டை அறுத்து, அந்த ஈரலைப் பச்சையாக நாய்க்குப் போட்டால் வட்டம் முடிந்தது: கட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு நுண்தலையும் நாயின் குடலில் ஒரு புழுவாகும்.

நாயைத் தடவிய கையோடு உண்பவருக்கும் அதே கட்டி வரலாம். பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்து, தேங்காய் அளவுக்குக்கூடப் பெருகும். உடைந்தால் உயிருக்கே ஆபத்து. டனீடின் நகர அறுவை மருத்துவர் லூயி பார்னெட் இத்தகைய கட்டிகளை அறுத்தெடுத்தார். அதோடு நிற்காமல், நோயை நாயிடமே தடுக்க வேண்டும் என்று பல்லாண்டு போராடினார்.

1959இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. பச்சைக் குடல், ஈரலை நாய்க்குப் போடத் தடை. ஊர் நாய்களை ஓரிடத்தில் வரிசையாகக் கட்டிப் பேதி மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து அரிகோலின். நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் கொட்டைப்பாக்கின் சத்து! அது நாயின் குடலை முறுக்கி இயக்கும். புழுவையும் செயலிழக்கச் செய்யும். பிடி தளர்ந்த புழுக்கள் மலத்தோடு வெளியே வரும். அதைச் சோதித்து, எந்தப் பண்ணையில் இன்னும் பச்சை ஈரல் போடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள்.

1970களில் பிராசிகுவாண்டல் என்ற மருந்து கண்டறியப்பட்டது. இது புழுவைக் கொன்றே விடும். ஆனால் மறுபடி தொற்றாமல் தடுக்காது. ஆகவே நாள் கணக்கு முக்கியம். நாயின் வயிற்றுக்குள் போன புழு முட்டையிடச் சுமார் ஆறேழு வாரம் ஆகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தால், முட்டை புல்லைத் தொடுமுன் புழு சாகும். ஒரு மாத்திரை ஒரே நேரத்தில் நாய், ஆடு, மனிதர் மூவரையும் காக்கிறது.

2002இல் நியூசிலாந்து இந்த நோயிலிருந்து விடுபட்டதாகத் தற்காலிகமாக அறிவித்துக்கொண்டது. வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டியதன் பலன் அது: நாயின் வாயில், நாயின் குடலில்.

இந்தப் புழு இந்தியாவிலும் இருக்கிறது. கறிக்கடைக் கழிவைத் தெருநாய்க்கு வீசாதீர்கள்; ஈரலோ குடலோ கொடுப்பதானால் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். வளர்ப்பு நாய்க்கு மருத்துவர் சொல்லும் கணக்கில் குடற்புழு மருந்து கொடுங்கள். நாயைத் தொட்டபின் கை கழுவப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.