பிழை ஒளிந்துகொள்ளும் இடம்

பிரிட்டனில் 1984இல் ‘ஜெட் செட் வில்லி’ என்ற விளையாட்டு வெளிவந்தது. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்காக மேத்யூ ஸ்மித் எழுதியது. 60 அறைகள் கொண்ட மாளிகையில் இரைந்து கிடக்கும் பொருள்களையெல்லாம் வில்லி எடுத்து முடிக்க வேண்டும். வெளிவந்த வடிவத்தில் அதை யாராலும் ஒழுங்காக முடிக்க முடியாது. பரணுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் அதன்பிறகு வேறு அறைகள் சில கெட்டுப்போகும். தேவாலய அறையில் எதிரிகள் காணாமல் போவார்கள், இன்னும் சில அறைகளில் கால் வைத்ததுமே வில்லி செத்துவிழுவான். வெளியிட்ட சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ் நிறுவனம், அந்த அறைகளில் விஷவாயு நிரம்பியிருக்கிறது, அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்று முதலில் சமாளித்தது. உண்மைக் காரணம் பரணில் பறக்கும் ஓர் அம்பு. அதன் பாதையைக் குறிக்கும் தகவலில் தவறு இருந்தது. திரைக்கென்று ஒதுக்கிய நினைவகம் முடிந்த பிறகும் அம்பு பறந்துபோய், அங்கே இருந்த ஆட்டத்தின் தகவல்கள்மேல் தன்னை வரைந்துகொண்டது. ஆட்டத்தின் உள்ளே தோண்டிப் பார்த்த இரண்டு ஆட்டக்காரர்கள் திருத்தங்களை நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். நிறுவனமும் விஷவாயுக் கதையைக் கைவிட்டு அவற்றை வெளியிட்டது. திருத்தம் என்பது ‘போக்’ கட்டளைகள் சில மட்டுமே: இந்த எண்ணுள்ள இடத்தில் இந்த எண்ணை வை. ஆட்டத்தை வாங்கியிருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து அவற்றைத் தட்டச்சு செய்து சரிசெய்துகொண்டார்கள்.

ஒரு விளையாட்டின் கோளாறைச் சில எண்களால் தீர்க்க முடிந்தது, அந்த எண்கள் எல்லார் வீட்டிலும் ஒரேபோல வேலை செய்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். 1982 ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரமின் 48 கிலோபைட் வடிவத்துக்கு 175 பவுண்டு விலை. அதிலிருந்த இசட்80 செயலியால் மொத்தம் 65,536 நினைவக இடங்களைத்தான் பார்க்க முடியும். முதல் 16,384 இடங்கள் ரோம் என்ற, அழிக்கவோ மாற்றவோ முடியாத நினைவகம். பேசிக் மொழி அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 16384ஆம் எண்ணில் திரை தொடங்கும். புள்ளிகளுக்கு 6,144 பைட்டு, நிறங்களுக்கு 768 பைட்டு, ஆக 6,912 பைட்டில் திரை முடிந்துவிடும். கணினி தன் கணக்குக்காக வைத்துக்கொள்ளும் சிறிய பகுதி போக, மிச்சமெல்லாம் நம் நிரலுக்கு. பிரிட்டனில் விற்ற 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம்கள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு மாறவே இல்லை. 1983இல் இயன் லோகனும் ஃபிராங்க் ஓ’ஹாராவும் அந்த ரோமிலுள்ள கட்டளைகளைப் பிரித்துக்காட்டி, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்ற விளக்கத்தோடு ஒரு புத்தகமே போட்டார்கள். பிழை எங்கே இருந்தாலும் இந்த 65,536 இடங்களுக்குள்தான் இருக்க வேண்டும், அதிலும் கால் பங்கு எல்லாருக்கும் தெரிந்த, மாறாத பகுதி. பிழைக்கு ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கணினிகளில் வளர்ந்தவர்கள் கோளாறு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. அவர்கள் பொறுமைசாலிகள், அல்லது இயந்திர மொழி கற்றவர்கள் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கணினி பிழைக்கு ஓர் எல்லை போட்டுக் கொடுத்தது. இன்றைய விளையாட்டு உருவாக்கக் கருவிகள் அந்த எல்லையைக் கொடுப்பதில்லை. அதை நாமே போட்டாக வேண்டும். அதைப் போடக் கற்றுக்கொடுக்காமல் கருவியை மட்டும் கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் இன்றைய சிக்கலின் வேர்.

எல்லை என்றால் என்ன என்பதை அந்தக் கால இதழ்களில் நன்றாகப் பார்க்கலாம். அப்போது விளையாட்டுகள் அச்சில் வந்தன. பக்கம் பக்கமாக வரும் வரிகளை வாசகர் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். வெறும் எண்களாக வரும் இயந்திர மொழிப் பகுதியில் ஓர் எண் பிசகினால்கூட, ஓடவிட்டதும் கணினி உறைந்துபோகும், அதுவரை அடித்ததெல்லாம் போய்விடும். அமெரிக்காவின் ‘கம்ப்யூட்!’ இதழ் 1983இல் இதற்கு ஒரு வழி கண்டது. ‘ஆட்டோமேட்டிக் ப்ரூஃப்ரீடர்’ என்ற சிறு நிரலை முதலில் அடித்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் அது ஒரு கூட்டுத்தொகையைத் திரையில் காட்டும். இதழில் அந்த வரிக்குப் பக்கத்தில் அச்சிட்ட எண்ணோடு அது பொருந்தினால் வரி சரி. தொடக்கத்தில் வந்த ப்ரூஃப்ரீடருக்கு ஒரு குறை இருந்தது. வெறுமனே கூட்டியதால் இரண்டு எழுத்து இடம் மாறினால் அதற்குத் தெரியாது. பின்னால் எழுத்தின் இடத்தையும் கணக்கில் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். ஆயிரம் வரிக்குள் எங்கோ இருந்த பிழையை இந்தச் சிறு கருவி ஒரே வரிக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. ஸ்பெக்ட்ரமின் பேசிக்கும் இதே வேலையைத் தன் வழியில் செய்தது. இலக்கணம் தவறிய வரியை அது ஏற்கவே ஏற்காது. தவறு இருக்கும் இடத்தில் ஒரு கேள்விக்குறி மின்னும். ஓடும்போது நின்றால், பிழையின் பெயரோடு வரி எண்ணும் அந்த வரியில் எத்தனையாவது கட்டளை என்பதும் வரும். 20:2 என்றால் இருபதாம் வரி, இரண்டாம் கட்டளை. கணினியை வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத சிறுவனுக்கும் பார்க்க வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இன்று யூனிட்டி, அன்ரியல், கோடோ போன்ற விளையாட்டு எஞ்சின் ஒன்றில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். நேற்றுவரை ஓடிய ஆட்டத்தில் இன்று பொம்மைகளெல்லாம் ஒரே ஊதா நிறமாகத் தெரிகின்றன. பொருளின் மேற்பரப்பை வரைந்துகாட்டும் ஷேடர் என்ற சிறுநிரல் எங்கோ சிக்கியிருக்கிறது. சிக்கிய இடம் அவர் எழுதிய ஷேடராக இருக்கலாம், வரையும் முறைக்கான பொதி வேறு பதிப்புக்கு மாறியிருக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் நிரல் இரவோடிரவாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம், யாரோ எழுதிய துணைக்கருவி குறுக்கே நிற்கலாம். இந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மாறிக்கொண்டிருப்பவை. ஆகவே ஒரே எஞ்சினைப் பயன்படுத்தும் இரண்டு பேரின் கணினிகள் அனேகமாக ஒன்றுபோல இருப்பதில்லை. இவருக்குப் பலித்த மருந்து அவருக்குப் பலிக்காது. இந்நிலையில்தான் கைவைத்தியங்கள் பரவுகின்றன. யூனிட்டியில் ‘லைப்ரரி’ ஃபோல்டரை அழித்துவிட்டுத் திரும்பத் திற என்பது அவற்றில் புகழ்பெற்றது. நாம் கொடுத்த படங்களையும் ஒலிகளையும் எஞ்சின் தனக்கேற்றபடி மாற்றி வைத்திருக்கும் நகல்கள் அந்த ஃபோல்டரில் இருக்கும். அழித்தால் மூலக்கோப்புகளிலிருந்து அவை புதிதாக உருவாகும். நகல் கெட்டிருந்தால் இது நல்ல மருந்துதான். ஆனால் நகல்தான் கெட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. கோளாறு போய்விட்டால் மகிழ்ச்சி, போகாவிட்டால் அடுத்த வைத்தியம். டிரைவரை மாற்றி, எஞ்சினைப் புதுப்பித்து, பொதியை நீக்கி என்று மூன்று காரியத்தை ஒரே மாலையில் செய்துவிட்டு, ஆட்டம் ஓடியதும் மூச்சுவிடுகிறார்கள். எது தீர்த்தது என்று தெரியாததால் அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது பழம்பெருமை பேசுவது என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் கணினிகளில் நிரல் எழுதுவது எளிதாக இருக்கவில்லை. ஸ்பெக்ட்ரமில் பலர் பயன்படுத்திய, ஹைசாஃப்ட் நிறுவனத்தின் டெவ்பேக்கில் அசெம்பிளர், மானிட்டர் என்ற இரண்டு கருவிகள் இருந்தன. அவையும் நாம் எழுதும் ஆட்டமும் ஒரே நினைவகத்தில்தான் குடியிருக்க வேண்டும். ஆட்டம் தடம்புரண்டால் கருவியையும் நாம் எழுதியதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். முதலில் எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்துவைத்திருந்தால் பிழைத்தோம். பதிந்ததைத் திரும்ப ஏற்றவும் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், டேப் ரெக்கார்டரின் தலை சற்றே சாய்ந்திருந்தால் அதுவும் நடக்காது. மேத்யூ ஸ்மித்கூடத் தன் நிரல்களை டேண்டி நிறுவனத்தின் டிஆர்எஸ்-80 கணினியில் எழுதி, அங்கிருந்து ஸ்பெக்ட்ரமுக்கு அனுப்பித்தான் ஓட்டிப் பார்த்தார். தொழிலாகச் செய்தவர்கள் முடிந்தபோதெல்லாம் வேறு கணினிக்கு இடம்பெயர்ந்தார்கள் என்பது, அந்த நெருக்கடி யாருக்கும் பிடித்திருக்கவில்லை என்பதற்குச் சான்று. எல்லார் வீட்டிலும் கணினி இருந்ததும் இல்லை. பல நாடுகளில் வசதியுள்ள வீட்டுப் பையன்களுக்கே அது வாய்த்தது. 1984-85இல் இந்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ என்ற கணினிகளிலும் மாணவர்கள் வரிசையில் நின்று சற்று நேரமே தொட முடிந்தது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கருவிகள் தரத்தில் தாழ்ந்தவை. தாழ்ந்த கருவிகளோடும் கோளாறு கண்டுபிடிக்க முடிந்தது ஏன் என்பதே கேள்வி.

அதற்கான பதில் ரோமில் இருக்கிறது, அதன் பிழையிலேயே இருக்கிறது. ஸ்பெக்ட்ரமின் ரோமில் பிழைகள் உண்டு. செயலிக்கு வெளியிலிருந்து வரும் ஓர் அவசரக் குறுக்கீட்டைக் கையாளும் பகுதியில் ஒரு நிபந்தனை தலைகீழாக எழுதப்பட்டுவிட்டது. குறித்த முகவரிக்குத் தாவ வேண்டிய நேரத்தில் தாவாது, முகவரி சுழியமாக இருந்தால் மட்டும் தாவும். ஆகவே அந்த வசதி நிரலாளர்களுக்குப் பயன்படாமலே போயிற்று. ஆனாலும் அது யாரையும் அலைக்கழிக்கவில்லை. பிழை எங்கே என்று தெரியும், அது நாளைக்கும் அங்கேயே இருக்கும், சுற்றிப்போக வழியும் தெரியும். அடித்தளம் குறையற்றதாக இருக்க வேண்டியதில்லை, அசையாமல் இருந்தால் போதும்.

இன்றைய கருவிகள் அதைவிடப் பலமடங்கு கண்ணுள்ளவை, பிறகென்ன குறை என்று வேறொரு மறுப்பும் வரும். உண்மைதான். டிபக்கரால் ஆட்டத்தை எந்த வரியிலும் நிறுத்தலாம், மாறிகளின் மதிப்பைப் பார்க்கலாம், ஒரு காட்சிச்சட்டம் எப்படி வரையப்பட்டது என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம். 1984இல் இதில் பாதியைக் கொடுத்திருந்தாலும் அந்தத் தலைமுறை கொண்டாடியிருக்கும். ஆனால் டிபக்கர் நாம் காட்டிய இடத்தைத்தான் பார்க்கும். தவறு நம் நிரலிலா, எஞ்சினிலா, டிரைவரிலா என்று தெரியாதவருக்கு அதை எங்கே வைப்பது என்றே தெரியாது. முதலில் தேவைப்படுவது அடுக்குகளைப் பிரிக்கும் வேலை. அதற்கு இன்றும் எளிய முறைகள் இருக்கின்றன. புதிதாக ஒரு வெற்றுப் புராஜெக்ட்டைத் திறந்து, கோளாறு தரும் அந்த ஒரு பொருளை மட்டும் அதில் போட்டுப் பார்ப்பது ஒன்று. அங்கேயும் ஊதாவாகத் தெரிந்தால் நம் ஆட்டத்தின் மற்ற கோப்புகளெல்லாம் குற்றத்திலிருந்து விடுபட்டன. தெரியாவிட்டால் எஞ்சினும் டிரைவரும் பெரும்பாலும் விடுபட்டன. மாற்றங்களைக் கிட் போன்ற பதிப்புக் காப்பகத்தில் சேர்த்துவருபவருக்கு இன்னொரு வழி உண்டு. நன்றாக ஓடிய ஒரு பழைய நிலை, கெட்டுப்போன இன்றைய நிலை, இரண்டுக்கும் நடுவிலுள்ளதை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் தவறு பிற்பாதியில், இல்லாவிட்டால் முற்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் ஆயிரம் மாற்றங்களுக்குள் இருக்கும் குற்றவாளியைப் பத்துச் சோதனையில் பிடித்துவிடலாம். ‘கம்ப்யூட்!’ இதழ் கூட்டுத்தொகையால் செய்த வேலையின் இன்றைய வடிவம் இதுதான். அன்று இதழே செய்து கொடுத்தது, இன்று நாம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

எனக்கு ஆட்டம் செய்ய வேண்டும், கருவியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நேரமில்லை என்பவருடைய குரலைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ ஆட்டம் செய்பவர்களுக்கு நேரம்தான் முதல். அவர்களிடம் எஞ்சினின் உள்ளே போய்ப் பார் என்று சொல்வது நியாயமில்லை. நான் சொல்லும் பழக்கங்களுக்கு அது தேவையும் இல்லை. ஓர் ஆட்டத்தைத் தொடங்கும்போது எஞ்சினின் பதிப்பையும் பொதிகளின் பதிப்புகளையும் எழுதிவைத்து, ஆட்டம் முடியும்வரை காரணமில்லாமல் மாற்றாமல் இருப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், செய்ததும் ஒரு சோதனை என்பதற்கு நிமிடங்கள்கூட வேண்டாம், கட்டுப்பாடுதான் வேண்டும். இப்படிச் செய்பவர் தனக்கென்று அசையாத ஒரு ரோமைத் தானே உருவாக்கிக்கொள்கிறார். கைவைத்தியங்களில் கரையும் மாலைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே அல்ல.

சிறிய கணினிக்கே திரும்பிவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. பிபிசி மைக்ரோவில் 1984இல் இயன் பெல்லோடு சேர்ந்து ‘எலைட்’ ஆட்டத்தை எழுதிய டேவிட் பிரேபன், ராஸ்பெரி பை அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். கேம்பிரிட்ஜுக்குக் கணினி படிக்க வரும் மாணவர்களின் எண்ணிக்கையும் முன்னனுபவமும் குறைந்துவருவதைக் கண்டு எபன் அப்டனும் மற்றவர்களும் எடுத்த முயற்சி அது. 2012 பிப்ரவரி 29இல் ராஸ்பெரி பை என்ற மலிவுக் கணினி விற்பனைக்கு வந்தபோது அதன் வடிவங்களுக்கு மாடல் ஏ, மாடல் பி என்ற பிபிசி மைக்ரோவின் பெயர்களையே வைத்தார்கள். ஜோசஃப் ஒயிட் உருவாக்கிய பிக்கோ-8 இன்னும் நெருக்கமானது: 128க்கு 128 புள்ளித் திரை, 16 நிறம், 32 கிலோபைட் கார்ட்ரிட்ஜ். இல்லாத ஒரு கணினியைக் கற்பனை செய்து, அதன் எல்லைகளை வேண்டுமென்றே இறுக்கிக் கட்டியிருக்கிறார். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே கற்றது பெரிய எஞ்சினுக்குத் தானாகக் கூடவராது. அங்கே எல்லை போட்டிருந்தது, இங்கே போட வேண்டும் என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்ல வேண்டிய இடம் வகுப்பறை. விளையாட்டு உருவாக்கம் கற்றுத்தரும் பாடங்கள் பெரும்பாலும் சரியாக ஓடும் ஆட்டத்தையே காட்டுகின்றன. ஆசிரியர் செய்வதைப் பார்த்து மாணவர் செய்தால் அது ஓடும், ஓடியதும் பாடம் முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு புராஜெக்ட்டில் ஒரு படத்தின் பெயரை மாற்றியோ, ஒரு பொதியின் பதிப்பைக் குறைத்தோ, ஒரு ஷேடரில் ஒரு வரியைக் கெடுத்தோ மாணவரிடம் கொடுத்து, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியும் பாடத்தில் இருக்க வேண்டும். திருத்தியதற்கு மட்டும் மதிப்பெண் போடக்கூடாது, எந்தெந்த அடுக்கை எந்தச் சோதனையால் விலக்கினாய் என்று எழுதச் சொல்லி அதற்கும் போட வேண்டும். கருவி செய்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊதா நிறம் ஏதோ தவறு என்று மட்டும்தான் சொல்கிறது. எந்த ஷேடர், எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறிய பிறகு என்பதையும் அந்த இடத்திலேயே, தேட வைக்காமல் சொல்ல முடியும். நூறு கிலோபைட்டு நினைவகம்கூட இல்லாத ஒரு கணினி 1982இல் வரியையும் கட்டளையையும் காட்டியது.