கலைக்களஞ்சியத்தில் கண்ணை உறுத்தும் படங்கள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் நபிகள் நாயகத்தைப் பற்றிய கட்டுரையிலே, பாரசீகத்திலும் துருக்கியிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன் கையெழுத்துச் சுவடிகளுக்காக வரையப்பட்ட சிற்றோவியங்கள் சில இடம்பெற்றிருந்ததைக் கண்டு மனம் புண்பட்ட முஸ்லிம் வாசகர்கள், அவற்றை நீக்கவேண்டுமென்று 2008-ஆம் ஆண்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களோடு விண்ணப்பம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய வேதனை மெய்யானது. அதை அற்பமென்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது. எனினும், அந்தச் சித்திரங்களும் இஸ்லாமிய சரித்திரத்தின் பகுதியே என்பதனாலும், நபிகளின் உருவத்தை வரையலாகாது என்ற ஒரு சமயத்தாரின் ஆசாரம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான நூலுக்கு விதியாக இயலாது என்பதனாலும், தொகுப்பாசிரியர்கள் அவற்றை நீக்க இசையாமல், விரும்பாதவர் தம் கணினித் திரையில் மட்டும் படங்களை மறைத்துக்கொள்ளும் உபாயத்தை விளக்கி எழுதி வைத்தார்கள். இன்று அக்கட்டுரையின் முகப்பில் நிற்பது அழகிய அரபு எழுத்தில் தீட்டிய திருநாமமே. உருவச் சித்திரங்கள் உள்ளேதான் வருகின்றன.

வாசகர் எதிர்பாராத இடத்தில் அவரைத் திடுக்கிட வைக்கலாகாது என்ற இந்தக் கொள்கையை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் நிர்வாகக் குழு 2011 மே மாதத்துத் தீர்மானத்தில் ஏற்றுக்கொண்டதோடு, அவரவர் விருப்பப்படி சிலவகைப் படங்களை மறைக்கும் வசதி ஒன்றை உண்டாக்கவும் பணித்தது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இந்த யோசனையை ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் பெருவாரியான வாக்குகளால் நிராகரித்தார்கள். அவர்கள் அஞ்சியது இதுவே: கிரேக்கச் சிற்பத்தின் நிர்வாணத்தையும், வைத்திய நூலில் வரும் அங்கங்களின் படத்தையும், யுத்தகளத்துப் பிணங்களையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து இது இன்ன வகை ஆபாசம், இது இன்ன வகைக் கோரம் என்று முத்திரை குத்தினாலன்றி எந்த வடிகட்டியும் வேலை செய்யாது. அப்படிக் குத்திய முத்திரையே பிறகு தணிக்கை செய்ய விரும்பும் அரசாங்கங்களுக்கு ஆயத்தமான ஆயுதமாகிவிடும். இந்த அச்சம் முற்றிலும் நியாயமானதென்றே நான் கருதுகிறேன். 2012 ஜூலையில் நிர்வாகக் குழுவும் அந்தப் பணிப்பை விலக்கிக்கொண்டது.

இன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் எஞ்சியிருப்பது எளிய விதி: மனத்தைப் புண்படுத்தக்கூடிய படம் ஒன்றை விலக்கினால் கட்டுரையின் தகவலோ துல்லியமோ குறையும் என்றும், அதற்கு ஈடான வேறு படம் இல்லை என்றும் ஆனாலொழிய, அதைச் சேர்க்கலாகாது. தொழுநோய்க் கட்டுரைக்குப் புண்ணின் படம் வேண்டும். வெறும் அதிர்ச்சிக்காக ஒரு படமும் வேண்டா.

ஆகவே, ஒரு படம் உங்கள் மனத்தை உறுத்துமாயின், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் அதைத் தெரிவிக்கும்போதே, அதன் இடத்தில் வைக்கத்தக்க இன்னொரு படத்தையும் காட்டுங்கள்.