பக்கத்து வீட்டு அரிசியும் பக்கத்து வங்கிப் பணமும்

தோட்டத்து லயத்தில் அரிசியை அளப்பது பால் டின்னால்தான். கெட்டிப்பால் தீர்ந்ததும் டின்னைக் கழுவிக் காயவைத்து அரிசிக்குள் போட்டுவிட்டால் அதுவே படி. மூட்டை உள்ளறையில் கிடக்கும். அன்றாடம் அள்ளுவது அடுப்படிப் பாத்திரத்திலிருந்து. அது காலியான நேரத்தில் கடையும் மூடியிருந்தால் பக்கத்து வீட்டில் இரண்டு டின் வாங்கி உலை வைத்துவிட்டு, பிறகு திருப்பிக் கொடுப்போம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் குடியிருப்பவர் கைச்செலவுப் பணத்துக்கு எந்த வங்கியில் கணக்கு வைப்பது என்பதை இந்தச் சமையலறையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. சம்பள நாளில் தோட்ட ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, கிராணி பெயர் கூப்பிட, பணம் கைக்கே வந்தது. இன்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளம் வங்கிக் கணக்கில் விழவேண்டும். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் விழவேண்டும். தொழிலாளிக்கு இது நல்லதுதான். பிடித்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுத்தில் நிற்கிறது. ஆனால் பணத்தைத் தேடிப் போகும் நடை இப்போது நம்முடையதாகிவிட்டது. ஜெராம் பாடாங், கெடிஸ் தோட்டத்துக்காரர்களுக்கு பகாவ். சுவா பெத்தோங்கில் இருப்பவர்களுக்குப் போர்ட்டிக்சன் பக்கம். மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டில் அந்த நடைக்கே காசு வேண்டும்.

சொந்த வங்கியின் ஏடிஎம்மில் நடப்பது சுருக்கமான வேலை. அட்டையில் உள்ள சில்லு கணக்கு எது என்று சொல்கிறது. ஆறு இலக்க ரகசிய எண் ஆள் நீங்கள்தான் என்று உறுதி செய்கிறது. வங்கிக் கணினி இருப்பைப் பார்த்து, கேட்ட தொகையைக் கழித்துவிட்டுக் 'கொடு' என்கிறது. இயந்திரம் தாளை எண்ணித் தள்ளுகிறது. நம் வீட்டுப் பாத்திரத்தில் நாமே அள்ளுவது போல.

வேறு வங்கியின் ஏடிஎம்மில் எடுக்கும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். நீங்கள் கேட்ட தொகை பேநெட் என்ற பொதுவான இணைப்பு வழியாக உங்கள் வங்கிக்குச் சொல்லப்படுகிறது. மெப்ஸ் என்று நாம் இன்றும் சொல்வது அதைத்தான். மெப்ஸும் மைகிளியரும் 2017-இல் ஒன்றாகிப் பேநெட் ஆயின. உங்கள் வங்கி சம்மதித்துக் கணக்கில் கழித்ததும், எதிரில் இருக்கும் இயந்திரம் தன் வங்கியின் பணத்தை எடுத்து உங்களிடம் நீட்டுகிறது. கையில் வாங்கிய தாள் அந்த வங்கியினுடையது. பிறகு இரு வங்கிகளும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. அந்தச் சிரமத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் 1 வெள்ளி. கோவிட் காலத்தில், 2020 ஏப்ரலில், அதை நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் மீண்டும் வந்துவிட்டது.

இந்த வழி புரிந்தால் இன்னொரு சிக்கலும் தெளிவாகும். சில நேரம் தொடர்பு நடுவில் அறுந்து, கணக்கில் பணம் கழிந்திருக்கும். இயந்திரத்திலிருந்து தாள் வந்திருக்காது. பெரும்பாலும் அது தானாகவே திரும்பி வரும். வராவிட்டால் புகார் செய்யவேண்டியது உங்கள் வங்கியிடம், இயந்திரம் வைத்திருக்கும் வங்கியிடம் அல்ல. கழித்தது உங்கள் வங்கிதானே. நாள், நேரம், எந்த இடத்து ஏடிஎம் என்பதைக் குறித்து வையுங்கள். சீட்டு வந்திருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அளவு டின்னுக்கு வருவோம். கைச்செலவுக்காரருக்கு மிகவும் வலிக்கும் இடம் அதுதான். பல ஏடிஎம்கள் 50 வெள்ளித் தாளை மட்டுமே கொடுக்கும். 10, 20 வெள்ளித் தாள் தரும் இயந்திரங்கள் குறைவு. பல சேமிப்புக் கணக்குகளில் 20 வெள்ளி எப்போதும் உள்ளேயே இருக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கணக்கில் 69 வெள்ளி இருக்கிறது. 20 போனால் எடுக்கக்கூடியது 49. இயந்திரத்தின் டின்னோ 50. மாதக் கடைசியில் பஸ் பிடித்துப் பட்டணம் போய் வெறுங்கையோடு திரும்புவதற்கு இந்த ஒரு வெள்ளி போதும். அதே 49 வெள்ளிக்குக் கடையில் அட்டையைத் தட்டிப் பொருள் வாங்கலாம். வங்கி முகப்பிலோ வங்கியின் முகவரான கடையிலோ பணமாகவும் எடுக்கலாம். ஆகவே கணக்குத் திறக்கும்போது வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு? வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இயந்திரம் எந்தத் தாளைக் கொடுக்கும்?

வட்டியைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பேன். 0.25 விழுக்காடு வட்டி என்றால் ஆயிரம் வெள்ளிக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது 2 வெள்ளி 50 சென். வேறு வங்கி இயந்திரத்தில் மூன்று முறை எடுத்தால் அது போய்விடும். பாதுகாப்பைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். வணிக வங்கிகளில் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம்மின் காப்பு இருக்கிறது. பிஎஸ்என் எனப்படும் பேங்க் சிம்பானான் நேஷனல் அரசாங்கத்தின் வங்கி. கைச்செலவுக் கணக்கில் வங்கிக்கு வங்கி வேறுபடுவது தூரமும் கட்டணமும்தான்.

தூரத்தைக் குறைப்பதற்கு முகவர் கடைகள் இருக்கின்றன. பிஎஸ்என் 1974 டிசம்பர் 1-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணியை ஏற்றுத் தொடங்கியது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் புத்தகம் வைத்திருந்தது அந்த அஞ்சலக வங்கியில்தான். இன்று அதன் முகவர்களாக மளிகைக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் சிறிய இயந்திரத்தில் உங்கள் அட்டையைப் போட்டு, ரகசிய எண்ணை நீங்களே அழுத்தியதும், தன் கல்லாப் பணத்தை எடுத்துத் தருகிறார். உங்கள் கணக்கில் கழிந்த தொகை அவர் கணக்கில் சேர்கிறது. கொடுப்பது அவருடைய கல்லா என்பதால் காலையில் கடை திறந்த கையோடு போனால் போதிய பணம் இருக்காது. வியாபாரம் நடந்த பிறகு மாலையில் போங்கள். சம்பள வாரத்தில் பட்டணத்து ஏடிஎம் வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் பக்கத்தில் எந்தக் கடையில் எந்த வங்கியின் முகவர் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டே கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.

தோட்ட நிர்வாகம் ஒரே வங்கியில்தான் சம்பளம் போடும் என்றால்? அந்தக் கணக்கு மூட்டையாக இருக்கட்டும். பக்கத்தில் இயந்திரமோ முகவரோ உள்ள வங்கியில் இன்னொரு கணக்கைத் திறந்து, வாரச் செலவுக்கு வேண்டியதை டியூட்நவ் வழியாக மாற்றிக்கொள்ளலாம். 5,000 வெள்ளி வரை தனிநபருக்கு அதற்குக் கட்டணம் இல்லை. கைப்பேசியில் இதைச் செய்ய ஒருமுறை பிள்ளைகளைச் சொல்லித்தரச் சொல்லுங்கள்; சொல்லித் தருவதற்கு மேல் அவர்கள் கையில் ரகசிய எண் போகவேண்டாம்.

முகப்பில் கேட்கவேண்டிய பெயர் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. மலாயில் அக்காவுன் சிம்பானான் அசாஸ். பேங்க் நெகாரா விதிப்படி 20 வெள்ளியில் திறக்கலாம். மாதம் ஆறு முறை முகப்பிலும், சொந்த ஏடிஎம்மில் எட்டு முறையும் கட்டணமில்லை. வாரம் இரண்டு முறை எடுக்கும் குடும்பத்துக்கு அது போதும். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பல வங்கிகளில் 8 வெள்ளி. பயன்படுத்தாத பழைய கணக்கு இருந்தால் மூடிவிடுங்கள். பன்னிரண்டு மாதம் அசையாமல் கிடந்தால் அதை உறங்கும் கணக்காக்கி ஆண்டுக்கு 10 வெள்ளி பிடிப்பார்கள். 10 வெள்ளிக்கு உள்ளே இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிடுவார்கள்.

என்னை உண்மையில் வருத்துவது இனிச் சொல்லப்போவதுதான். எவ்வளவு நல்ல கணக்காக இருந்தாலும் அட்டை வேறொருவர் கையில் இருந்தால் பயனில்லை. வட்டி முதலைகள் கடன் கொடுக்கும்போது ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் விழுந்த அன்றே அவர்கள் எடுத்துவிட, உழைத்தவர் மிச்சத்துக்குக் கையேந்தி நிற்கிறார். "உங்கள் கணக்கைக் கொஞ்ச நாள் வாடகைக்குக் கொடுங்கள்" என்று வருபவர்களும் இருக்கிறார்கள். அதில் மோசடிப் பணம் ஓடினால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் உடனே 997-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

இன்னும் பல தோட்ட வீடுகளில் கணக்கு கணவர் பெயரில் மட்டுமே இருக்கிறது. அவர் கண்மூடினால் அந்தக் கணக்கு முடங்கும். ஈமச் செலவுக்கே மனைவி கடன் வாங்கவேண்டி வரும். அக்கா, அம்மா, உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்கு வேண்டும். மைகார்டையும் 20 வெள்ளியையும் எடுத்துக்கொண்டு, அடுத்த முறை பட்டணம் போகும்போதே திறந்துவிட்டு வாருங்கள்.