அணுவைச் சுற்றி ஒரு காந்தக் கவசம்

ரூபிடியம் அணு ஒரு குட்டிக் காந்தம். அதன் வெளிச்சுற்றில் தனியாக நிற்கும் ஒற்றை எலக்ட்ரான்தான் இதற்குக் காரணம். பக்கத்தில் காந்தப்புலம் சற்றே மாறினாலும் அணுவின் ஆற்றல் நிலைகள் நகர்ந்துவிடும். அந்த நிலைகளையே அளவுகோலாக நம்பி இயங்குவது அணுக் கடிகாரம்.

2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-12 ராக்கெட் என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளைக் கொண்டுசென்றது. வடசென்னையின் காத்திவாக்கம் கடற்கரையிலிருந்து அந்த ஏவுதளம் வடக்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவுதான். இந்தியாவின் நாவிக் வழிகாட்டி வரிசையில் உள்நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரத்துடன் சென்ற முதல் செயற்கைக்கோள் இது. கடிகாரத்தை உருவாக்கியது அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம். அதற்குமுன் போன நாவிக் செயற்கைக்கோள்களில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய கடிகாரங்களே இருந்தன.

ரூபிடியம் கடிகாரத்தின் துடிப்பு நொடிக்குச் சுமார் 683 கோடி. சென்னையில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. கவசம் இல்லாமல் அந்தப் புலத்தில் கடிகாரத்தை வைத்தால் துடிப்பு நொடிக்கு நூறு அளவுக்கு மாறும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரே நாளில் அது ஒரு மில்லிநொடிக்கு மேல் பிழையாகச் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஒளி 300 கிலோமீட்டர் போய்விடும். கரை தெரியாத கடலில் வழிகாட்டியை நம்பிப் போகிற படகுக்கு இது சின்னப் பிழை அல்ல. மாற்றம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் கணக்கில் கழித்துவிடலாம். ஏறி இறங்கும் மாற்றத்தை அப்படிக் கழிக்க வழியில்லை.

காந்தப்புலத்தைச் சுவர் வைத்து மறிக்க முடியாது. அதற்குச் சுலபமான வேறு பாதை காட்டி விலக்கி அனுப்பத்தான் முடியும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி ஒன்றின் பக்கத்தில் திசைகாட்டியைக் கொண்டுபோனால் முள் வடக்கை விட்டு விலகுவதைப் பார்க்கலாம். கன்டெய்னரின் எஃகு, சுற்றியுள்ள புலக்கோடுகளைத் தன் உடம்பின் வழியே இழுத்துக்கொள்கிறது. காந்தக் கவசம் செய்வதும் இதுவே, பல மடங்கு திறமையாக.

அதற்கான உலோகம் மியூமெட்டல். நூற்றுக்கு எண்பது பங்கு வரை நிக்கல், மீதியில் பெரும்பகுதி இரும்பு. 1923-இல் இங்கிலாந்தில் கடலடித் தந்தி வடங்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட கலவை இது. அதற்குக் காப்புரிமை பெற்ற டெலிகிராஃப் கன்ஸ்ட்ரக்‌ஷன் அண்ட் மெயின்டனன்ஸ் நிறுவனம் சென்னைக்குப் புதிதல்ல. 1870-71-இல் சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த வடத்தைச் செய்தது அதுவே.

மியூமெட்டல் முரட்டுக் கைக்கு ஒத்துவராது. வடிவம் கொடுத்தபின் ஹைட்ரஜன் உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி, மெல்ல ஆறவிட வேண்டும். அதன்பிறகு கீழே விழுந்தாலோ, சுத்தியல் பட்டாலோ, வளைத்தாலோ குணம் கெட்டுவிடும். ராக்கெட்டின் அதிர்வைத் தாங்கியும் அந்தக் குணம் மிஞ்ச வேண்டும் என்பதே விண்வெளிப் பொறியாளரின் பெரிய கவலை. ஒரே தடிமனான கூட்டைவிட, இடைவெளி விட்டு ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த மெல்லிய கூடுகள் நன்றாகக் காக்கும், எடையும் குறையும். ஒளி நுழையவும் கம்பிகள் போகவும் துளை போட்டாக வேண்டும். ஒவ்வொரு துளையும் புலம் கசியும் வாசல்.

நாவிக் கடிகாரத்தில் இருப்பது வெப்பமான ரூபிடியம் ஆவி. கவசம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும் குளிர் அணுச் சோதனைகளிலோ லேசரால் அணுக்களின் வேகத்தைத் தணித்து, ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரையிலும் அதற்குக் கீழும் குளிர்விக்கிறார்கள். சத்யேந்திரநாத் போஸின் பெயர் தாங்கிய போஸ்–ஐன்ஸ்டைன் நிலைக்கு அணுக்கள் வருவது அந்தக் குளிரில்தான். தரையில் அவை நொடிப் பொழுதில் விழுந்துவிடும். விண்வெளியில் மிதப்பதால் நீண்ட நேரம் அளக்கலாம். நேரம் நீள நீள, புலத்தின் சின்ன அசைவும் அளவைக் கெடுக்கும்.

நாவிக் செயற்கைக்கோள்கள் சுற்றும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் புவியின் புலம் மிக மெலிந்தது. அங்கே தொல்லை கூடவே வரும் மோட்டார்களிடமிருந்தும் மின்கம்பிகளிடமிருந்தும் வருகிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தின் கதை வேறு. சுமார் 92 நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றும் அது, ஒவ்வொரு சுற்றிலும் புலம் வலுத்து, மெலிந்து, திசை மாறுவதைக் கடக்கிறது. 2018 முதல் அங்கே இயங்கிவரும் நாசாவின் குளிர் அணு ஆய்வகமும், 2025 ஏப்ரலில் போய்ச் சேர்ந்த ஐரோப்பாவின் ஃபராவோ சீசியம் கடிகாரமும் இதைச் சமாளித்தாக வேண்டும்.

இதில் கவசமே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. முந்தைய நிமிடங்களில் பட்ட புலத்தின் தடம் மியூமெட்டலில் கொஞ்சம் தங்கிவிடும். பள்ளிப் பாடநூல் இதைக் காந்தத் தயக்கம் என்கிறது. தரையில் என்றால் கவசத்தைச் சுற்றிய கம்பியில் மாறுதிசை மின்சாரம் விட்டு, அதைப் படிப்படியாகக் குறைத்துத் தடத்தை அழித்துவிடலாம். ஓயாமல் புலம் மாறும் பாதையில் அழித்த தடம் மறுபடியும் விழும். அதனால் ஃபராவோவில் கவசத்தோடு ஒரு கம்பிச்சுருளையும் சேர்த்தார்கள். வெளிப்புலத்தை அளந்து, தயக்கத்தையும் கணக்கில் கொண்டு, அந்தச் சுருளின் மின்னோட்டம் அதற்கேற்பத் தொடர்ந்து மாற்றப்படுகிறது.