மாட்டுக்குக் காற்று முதலில், தண்ணீர் பிறகு

சித்திரை பிறந்ததும் பால் குறையும். பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பில்லாத திடப்பொருள்) இறங்கி, ஊற்றுகிற பாலுக்கும் விலை குறையும். உடனே நம் கை போவது தண்ணீர்க் குழாய்க்கு. கையில் கொஞ்சம் காசு இருந்தால், பனி மாதிரி நீர் தூவும் ஃபாகருக்கு. கொட்டகைக்குள் காற்று ஓடுகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. காற்று ஓடாத கொட்டகையில் தூவுகிற தண்ணீர் பெரும்பாலும் மாட்டுக்குக் கெடுதல்தான் செய்கிறது.

வெயில்தான் மாட்டை வாட்டுகிறது என்பது பாதி உண்மை. மீதிச் சூடு அதன் உடம்புக்குள்ளேயே உண்டாகிறது. தின்ற தட்டும் புல்லும் பெருவயிற்றில் நொதிக்கும்போதும், உடம்பு அதைப் பாலாக மாற்றும்போதும் சூடு பிறக்கிறது. 400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினப் பசு நாளுக்கு 12 லிட்டர் கறந்தால், அதன் உடம்பு ஏறக்குறைய 750 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. வீட்டில் துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸ் ஒன்றின் அளவு. பத்து மாடு கட்டியிருந்தால் பத்து அயர்ன் பாக்ஸ் இரவு பகலாக அணையாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறவை கூடக்கூடச் சூடும் கூடும். அதனால்தான் கொட்டகையில் முதலில் வாடுவது அதிகம் கறக்கிற ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு; ஜெர்சி கலப்பு கொஞ்சம் தாங்கும். நாட்டு மாடான காங்கேயம் அசராமல் இருப்பதற்கு அதன் தோலும் வியர்வைச் சுரப்பிகளும் ஒரு காரணம் என்றால், அது குறைவாகக் கறப்பது இன்னொரு காரணம்.

ஹெச்.எஃப். மாட்டுக்குச் சுகமான வெப்பம் 5 முதல் 25 டிகிரி வரை. நம் சமவெளியில் அது மார்கழி, தை இரவுகளில்தான் கிடைக்கும். வெப்பமானியை மட்டும் பார்த்தாலும் போதாது. காற்றில் உள்ள ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீட்டெண் உண்டு. அது 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்கு அயர்ச்சி தொடங்குகிறது. அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68 போதும் என்பது பின்னால் வந்த கணக்கு. உள் மாவட்டத்தில் ஒரு நண்பகல் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதம் என்றால் இந்த எண் 84. கடலோரத்தில் 33 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 சதம் என்றால் 87. அதாவது, வெயில் குறைவாகத் தெரியும் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து மாடுதான் அதிகம் தவிக்கும். இரவு 25 டிகிரிக்கு இறங்கினாலும் ஈரப்பதம் 85 சதம் இருந்தால் எண் 75. அப்போதும் மாட்டுக்கு விடுதலை இல்லை.

இதற்கெல்லாம் கருவி வாங்க வேண்டியதில்லை. மாட்டின் விலாவைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். அறுபதைத் தாண்டினால் மாட்டுக்குச் சூடு ஏறிவிட்டது. எண்பதைத் தாண்டி, வாய் திறந்து எச்சில் ஒழுக நின்றால் அன்றைய பாலும் போயிற்று, அடுத்த சினையும் சந்தேகம். இன்னொரு அடையாளம், மாடு படுக்காமல் நின்றுகொண்டே இருப்பது. படுத்தால் உடம்பில் ஒரு பகுதி தரையோடு ஒட்டிக்கொள்ளும், அந்த வழியாகச் சூடு சரியாக வெளியேறாது. அதனால் நின்றே தீர்க்கப் பார்க்கிறது. நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்து அசைபோட வேண்டிய மாடு இப்படி நின்றால் குளம்பும் கெடும்.

காற்றோட்டம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வேலை இரண்டு. கொட்டகைக்குள் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் கோமிய நெடியையும் வெளியே தள்ளிப் புதுக்காற்றை உள்ளே கொண்டுவருவது ஒன்று. மாட்டின் உடம்பின்மேல் காற்று வேகமாக ஓடுவது மற்றொன்று. மாடு மூச்சிலும் தோலிலும் நாளுக்குப் பத்து லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக விடுகிறது. அந்த ஆவி வெளியேறாத கொட்டகையில் எத்தனை ஃபேன் மாட்டினாலும் அதே புழுக்கக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் சுவரைப் பாருங்கள். மூன்றடி நான்கடிக்குக் குட்டைச்சுவர் வைத்து, மேலே திறந்துதானே இருக்கிறது என்று நினைக்கிறோம். நிற்கிற மாட்டுக்கு அது சரி. படுத்த மாட்டின் முதுகு அந்த உயரத்துக்கு எட்டாது. சுவருக்குப் பின்னால் அதற்கு ஒரு பொட்டுக் காற்று வராது. அங்கே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். புகை நேராக மேலே போனால் சுவரை இடித்துவிட்டுக் குழாய்த் தடுப்பு போடுங்கள். இதைவிட மலிவான குளிர்சாதனம் கிடையாது. காற்று வரும் திசையில் வைக்கோல் போரையோ சாணக்குழி மேட்டையோ வைத்திருந்தால் அதையும் நகர்த்துங்கள். கூரையில் ஒட்டடை தொங்குவதும், உள்ளே நுழைந்ததும் கண் எரிவதும் காற்று தேங்குவதற்கு அத்தாட்சி.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. காலை, மாலைச் சாய்வெயில் மாட்டின்மேல் விழாது என்பதால் அது நல்லதுதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் காற்று வருவதே மேற்கிலிருந்து. அங்கே இரண்டு கோடிச் சுவர்களையும் செங்கல் வைத்து அடைத்தால், வாசலுக்கு வந்த காற்றைத் திருப்பி அனுப்புவதுபோல் ஆகிவிடும். கோடியைத் திறந்து வைத்து, மேற்கு வெயிலுக்கு நிழல் வலையோ மரமோ போதும். வேம்பும் புங்கனும் நடலாம். தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட வேண்டும்.

சூடான காற்று மேலே ஏறும். ஏறிய காற்று போக வழி வேண்டுமே! கூரை முகட்டில், கொட்டகை அகலத்தில் 10 அடிக்கு 2 அங்குலம் என்ற கணக்கில் நெடுகத் திறப்பு விடுவது வழக்கம். இருபதடிக் கொட்டகைக்கு 4 அங்குலம். மழைக்கு அதன்மேல் கொஞ்சம் உயர்த்தி ஒரு மூடி. தாழ்வான ஓரத்திலேயே கூரை பத்தடி உயரம் இருப்பது நல்லது. தகர ஷீட்டும் சிமெண்ட் ஷீட்டும் பகலில் சூட்டைக் கதிராக மாட்டின் முதுகில் இறக்கும். அதைக் காற்று தடுக்காது. ஷீட்டின்மேல் தென்னங்கீற்று பரப்புங்கள், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஃபேன். மாட்டின்மேல் விநாடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும். வீட்டு சீலிங் ஃபேனை ஷீட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், கூரைக்கடியில் தேங்கிய சூட்டைத்தான் அது கீழே இறக்கும். எட்டடி உயரத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டும் பெரிய ஃபேன்தான் தேவை. ஃபேனின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு தூரம் காற்று எட்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 36 அங்குல ஃபேனுக்கு 30 அடி. அந்த இடைவெளியில் எல்லா ஃபேனையும் ஒரே திசையில், இயற்கைக் காற்று போகும் பக்கமாகவே வையுங்கள். எதிரெதிரே வைத்தால் ஒன்றின் காற்றை மற்றொன்று நிறுத்திவிடும். ஈரத்தரையில் மின்சாரம் என்பதால் எர்த்திங்கும், கசிந்தால் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம்.

இப்போது தண்ணீருக்கு வரலாம். ஒரு லிட்டர் தண்ணீர் தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நாம் சொன்ன 12 லிட்டர் பசு ஒரு மணி நேரத்தில் விடும் சூடே ஏறக்குறைய 650 கிலோ கலோரிதான். அவ்வளவு பலம் அந்த ஒரு லிட்டருக்கு. ஆனால் அது ஆவியாக வேண்டும். ஆவியாவதற்குக் காற்று வேண்டும். பனித்தூவல் மயிரின்மேல் நின்றுவிடுகிறது, தோலுக்கு எட்டாது, காற்றின் ஈரத்தைத்தான் கூட்டும். வறண்ட உள் மாவட்டத்தில், நாலாபுறமும் திறந்த கொட்டகையில் அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு. கடலோரத்தில் வேண்டவே வேண்டாம். பெரிய துளியாக ஒரு நிமிடம் முதுகை நனைத்து, குழாயை மூடி, நாலைந்து நிமிடம் ஃபேன் காற்றில் உலரவிட்டு மறுபடி நனைப்பதே சரியான முறை. தண்ணீர் மடிக்கு வழிந்தால் அளவு மிஞ்சிவிட்டது, மடிநோய் பின்னாலேயே வரும். கோடை கொளுத்துகிற இஸ்ரேலில் பசுக்களை நாளில் பலமுறை ஓரிடத்தில் சேர்த்து இப்படித்தான் நனைத்துக் காற்றடிக்கிறார்கள். அங்கே ஒரு பசு ஆண்டுக்குச் சராசரியாக 11,000 கிலோவுக்கு மேல் கறக்கிறது.

பகலெல்லாம் சேர்ந்த சூட்டை மாடு இறக்கிவைக்கும் நேரம் இரவு. அப்போது கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து தார்பாயை இறக்கி, உள்ளே மூட்டமும் போட்டுவிடுகிறோம். ஃபேன் காற்றிலேயே கொசு நிற்காது. பகலில் ஆறு மணி நேரம் ஓட்டி இரவில் அணைப்பதைவிட, நள்ளிரவு வரை ஓடவிடுவது மேல்.

பால் வற்றிய சினை மாட்டை, இப்போது கறவை இல்லையே என்று வெயில் ஓரத்தில் கட்டுவது நம் வழக்கம். ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் காட்டுவது வேறு: கன்று ஈனுவதற்கு முந்தைய ஒன்றரை இரண்டு மாதம் குளிர்ச்சியில் வைத்த பசு, அடுத்த ஈற்றில் நாளுக்குச் சில கிலோ பால் கூடுதலாகக் கறந்தது. சூட்டில் நின்ற தாயின் வயிற்றிலிருந்த கன்று, தான் பசுவானபோதும் குறைவாகவே கறந்தது. உங்களிடம் ஒரே ஒரு ஃபேன்தான் மிச்சம் இருக்கிறது என்றால், அதை அந்த ஓரத்து மாட்டுக்குத் திருப்பி வையுங்கள்.