மெழுகு பூசிய தோட்டா

சுடச்சுடக் காபி உள்ள டம்ளரை அதே அளவுள்ள இன்னொரு டம்ளருக்குள் இறக்கி வையுங்கள். இரண்டும் கவ்விக்கொண்டு, பிரிக்கப் போனால் அழிச்சாட்டியம் பண்ணும். 1920-களில் அரைத் தானியங்கி ரைஃபிள் தேடிய அமெரிக்க ராணுவத்தைப் படுத்தியதும் ஏறக்குறைய இந்தச் சங்கதிதான்.

தோட்டா வெடிக்கும்போது அதன் பித்தளை உறை உப்பி, துப்பாக்கி அறையின் சுவரில் அப்பிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் தளர்ந்துவிடும். பழைய ரைஃபிளில் சிப்பாய் கையால் பூட்டை இழுத்துக் காலி உறையை வெளியேற்றுவார். அதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். அரைத் தானியங்கியில் துப்பாக்கியே உறையைத் தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். நொடியின் எந்தத் துளியில் திறப்பது?

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் இரண்டு ஜான்கள் இதற்கு இரண்டு விடை வைத்திருந்தார்கள். ஜான் பெடர்சன் அமைத்தது முழங்கால் மாதிரி ஒரு மூட்டு. நீட்டிய கால் பாரம் தாங்கும். மடங்கத் தொடங்கினால் சரியும். வெடிப்பின் உந்தலே அந்த மூட்டை மடக்கிப் பூட்டைத் திறந்துவிடும். ஆனால் அழுத்தம் முழுதாய்த் தணியும் முன்பே திறக்க ஆரம்பித்ததால், உறை வழுக்கிக்கொண்டு வருவதற்காகத் தோட்டாவுக்கு மெழுகு பூச வேண்டியிருந்தது.

கனடாவில் பிறந்த ஜான் காரண்ட், குண்டு குழல் வாயைத் தாண்டும் நேரத்தில் வெடிவாயுவில் கொஞ்சத்தைப் பிடித்து ஒரு தண்டைத் தள்ளவைத்தார். தண்டு பின்னுக்கு வந்து பூட்டைத் திருகித் திறப்பதற்குள் குண்டு வெளியேறி, அழுத்தமும் விழுந்திருக்கும். மெழுகு தேவையில்லை.

என்னைக் கேட்டால், சாமர்த்தியம் பெடர்சனுடையதுதான். அவருடைய மெழுகும் பிசுபிசுப்பில்லாத மெல்லிய பூச்சு. ஆனாலும் தோட்டாவுக்குத் தனியாகச் சிகிச்சை கேட்கிற ரைஃபிளை எந்த ராணுவம் விரும்பும்?

இரண்டு துப்பாக்கிகளும் .276 அங்குலம் என்ற சிறிய தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. சிறிய குண்டு போதுமா என்று அறிய 1928-இல் மயக்க மருந்து கொடுத்த பன்றிகளைச் சுட்டுக்கூடப் பார்த்தார்கள், பாவம். 1932 ஜனவரியில் தேர்வுக் குழு .276 காரண்டைப் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே ராணுவத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் அந்தத் தோட்டாவையே ஒதுக்கிவிட்டார். கிடங்குகளில் .30 அங்குலத் தோட்டா மலையாய்க் குவிந்திருந்தது. இயந்திரத் துப்பாக்கிகளும் அதைத்தான் தின்றன. பொருளாதார மந்தக் காலம் வேறு. காரண்ட் கையில் .30 வடிவமும் தயாராய் இருந்ததால் பிழைத்தார். தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்து உள்ளே இறக்கும் கிளிப்பில் பத்துத் தோட்டா எட்டானதுதான் நஷ்டம்.

1936 ஜனவரி 9-இல் அந்த .30 காரண்ட் 'எம்1' என்ற பெயரில் ஏற்கப்பட்டது. எடை சுமார் நாலே கால் கிலோ. எட்டாவது தோட்டா தீர்ந்ததும் காலிக் கிளிப் 'டிங்' என்று மேலே துள்ளும். புதுக் கிளிப்பை அழுத்திவிட்டு விரலை எடுக்கத் தாமதித்தால் பூட்டு பாய்ந்து வந்து நசுக்கும்; அந்த அடிக்கு 'காரண்ட் கட்டைவிரல்' என்றே பெயர்.

ஐம்பது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இந்த ரைஃபிளின் காப்புரிமையைக் காரண்ட் அரசுக்கே எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கு ஒரு லட்சம் டாலர் வழங்க நாடாளுமன்றத்தில் வந்த மசோதா நிறைவேறவில்லை. 1953-இல் ஓய்வு பெறும்வரை அவர் வாங்கியது மாதச் சம்பளம்தான்.